மேலே பிடி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. பதிப்பாளர் ஒருவர் என்னிடம் சின்னப் புத்தகம் ஒன்று கேட்டிருந்தார். பிழைப்புக்காக வேறு தேசம் போனவர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில், அன்றாட ஆங்கிலம். அதிலும் ஃப்ரேசல் வெர்ப் மட்டும்.

அது என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஒரு சாதாரண வினைச்சொல்லின் வாலில் அப், டவுன், ஆஃப், அவுட் என்று ஏதாவது ஒரு துண்டை ஒட்டுவார்கள். உடனே அர்த்தம் ஆளை மாற்றிவிடும். கிவ் என்றால் கொடு. கிவ் அப் என்றால் மேலே கொடு அல்ல, கைவிடு. லுக் என்றால் பார். லுக் ஆஃப்டர் என்றால் பின்னால் பார் அல்ல, கவனித்துக்கொள். நான் இவற்றுக்கு ஒட்டுவினை என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டில், கடையில், வேலையிடத்தில் பேசும் வாக்கியம் ஒன்றாக எழுதிக்கொண்டு போனேன். ‘குழந்தையை யார் லுக் ஆஃப்டர் செய்கிறார்கள்?’ ‘விளக்கை டர்ன் ஆஃப் செய்துவிட்டுப் போ.’ நன்றாகத்தான் போயிற்று.

ஹோல்ட் வந்தது. ஹோல்ட் என்றால் பிடி. ஹோல்ட் ஆன்: கொஞ்சம் பொறு. ஹோல்ட் அவுட்: தாக்குப்பிடி. அடுத்து ஹோல்ட் அப் என்று டைப் செய்தேன். எதிரே அர்த்தம் எழுத வேண்டும்.

கை ஓடவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு இந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

[நம் மொழி மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. இதே ‘பிடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள் என்பது ஒன்று, பிடித்து வை என்பது இன்னொன்று. காலைப் பிடித்துவிடு என்றால் வலிக்கு இதம். பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்றால் கல்யாணம். ‘விழப் பார்த்தான்’ என்கிறோம். விழ இருந்தவன் எதைப் பார்த்தான் என்று யாரும் கேட்பதில்லை. சொந்த மொழியில் இதெல்லாம் வழுக்காது. அடுத்தவர் மொழியில் ஒவ்வொன்றும் சோப்பு நுரை.]

2

தொடக்கங்கள்.

‘காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து வெகு உயரத்தில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே இரண்டு மனிதர்கள்—’

வேண்டாம். காற்றில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

‘என் அத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியாது—’

இதுவும் வேண்டாம். பொய் சொல்லத் தெரியாதவர் என்று ஒருவரை அறிமுகப்படுத்தினால் அவர் பொய் சொல்லப்போகிறார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதோடு, அவர் சொன்னது பொய்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஆட்களை வரிசையாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அழகாக இருக்காது. ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்று தெரியாமல் இந்தக் கதையில் ஒன்றும் புரியாது.

3

என் அக்காவின் கணவர்தான் அத்தான். வெளிநாட்டு நகரம் ஒன்றில், உயரமான கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடியைத் துடைப்பது அவர் வேலை. இரண்டு கம்பிவடங்களில் தொங்கும் நீளமான இரும்புத் தொட்டியில் நின்றுகொண்டு மாடி மாடியாக இறங்குவார்கள். தொட்டியின் வலது கோடியில் ஒரு பெட்டி. அதில் இரண்டு பட்டன்: அப், டவுன். அழுத்திப் பிடித்தால் தொட்டி நகரும், விட்டால் நிற்கும். அந்தப் பெட்டி அத்தானின் பொறுப்பு. அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது. பட்டனின் மேல் இருக்கும் இரண்டு சொற்களைத் தவிர.

இடது கோடியில் நிற்பவர் துரை. அது பட்டப்பெயர். இங்கிலீஷ் பேசுகிறார் என்று கூட வேலை செய்தவர்கள் வைத்தது. முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக. அத்தானைவிட வயதில் இளையவர். வாக்கி டாக்கி இவர் இடுப்பில்தான் இருக்கும்.

மூன்றாமவர் மொட்டைமாடியில் நிற்பவர். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தபடி, தொட்டி எப்படிப் போகிறது, காற்று எப்படி இருக்கிறது என்று கீழே சொல்ல வேண்டியது அவர் வேலை. அவர் மொழி வேறு. அந்த மொழியின் பெயரே அத்தான் வாயில் நுழையாது. ‘மாடிக்காரரு’ என்பார். குளிர்நாள் ஒன்றில் அத்தானின் உடம்பு நடுங்குவதை மேலிருந்து பார்த்துவிட்டு, தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினாராம். அத்தான் ‘தேங்க்ஸ்’ என்றார். அதைவிட நீளமான பேச்சு அவர்களுக்குள் நடந்ததில்லை.

[துரையைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவர் கோமாளியாக வந்துவிட்டார். தப்புத் தப்பாக இங்கிலீஷ் பேசுகிறவர் கதையில் வந்தால் எழுதுகிற கை தானாகவே சிரிப்புக் காட்டப் போய்விடுகிறது. அந்தப் பத்திகளை எடுத்துவிட்டேன். அத்தானுக்குக் காய்ச்சல் கண்டபோது எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொன்னது துரையின் இங்கிலீஷ். அக்காவின் பிரசவத்துக்கு மேனேஜரிடம் லீவு வாங்கித் தந்தது துரையின் இங்கிலீஷ். சிரிக்க என்ன இருக்கிறது?]

4

முற்பகலில் காற்று கிளம்பியது. மாடிக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே வரச் சொன்னார். அதில் குழப்பம் இல்லை. கையால் சைகையும் காட்டினார். அத்தான் அப் பட்டனை அழுத்தினார். தொட்டி ஏறியது.

அந்தக் கட்டடத்தின் இடப்பக்கம், சில மாடிகளுக்கு ஒரு முறை, கல் விளிம்பு ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். காற்று தொட்டியைச் சுவரோடு தள்ளியதில், இடது கோடி அந்த விளிம்புக்கு நேர் கீழே போய்விட்டது. அத்தானின் கண் தன் பக்கத்து வடத்தில் இருந்தது. துரை சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாளிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்தவருக்கு மட்டும் தெரிந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“ஹோல்ட் அப். ஹோல்ட் அப்.”

அத்தான் பட்டனை விட்டுவிட்டார். தொட்டி நின்றது.

[இந்த இடத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். அவர் கையை எடுத்தது அர்த்தம் தெரிந்து அல்ல. மேலிருந்து குரல் வந்தால் நிறுத்திவிட்டு என்னவென்று கேட்பது அவர் பழக்கம், அவ்வளவுதான். மாடிக்காரர் சொல்ல விரும்பியதும் அதுதான்: நிறுத்து, பொறு. அந்த ஒரு நொடி எல்லாம் சரியாக இருந்தது. எழுதுகிறவனுக்கு அதிகாரம் இருக்கிறதே என்று அங்கேயே கதையை முடித்துப் பார்த்தேன். துரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார், முடியவில்லை.]

“என்ன சொல்றாரு?” என்று கேட்டார் அத்தான்.

துரை குனிந்தபடியே சொன்னார். “அப் பட்டன புடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்றாருண்ணே. காத்து ஏறுதில்ல, விடாம மேல போயிரச் சொல்றாரு.”

ஹோல்ட் என்றால் பிடி. அப் என்றால் பட்டனில் எழுதியிருப்பது. துரை எதையும் இட்டுக்கட்டவில்லை.

அத்தான் அழுத்திப் பிடித்தார்.

இடது கோடி விளிம்புக்கு அடியில் போய் முட்டிக்கொண்டது. வலது கோடி ஏறிக்கொண்டே இருந்தது. தொட்டியின் தரை சாயத் தொடங்கியபோது அத்தான் அதைக் காற்றின் வேலை என்று நினைத்தார். மாடிக்காரருக்குத் தான் சொன்னது கேட்கவில்லையோ என்று தோன்றியிருக்க வேண்டும். முன்னைவிடச் சத்தமாக, திரும்பத் திரும்ப அதே சொல்.

“கத்தறாருண்ணே, விட்றாதீங்க,” என்றார் துரை. “புடிங்க, புடிச்சுக்கிட்டே இருங்க.”

வாளிகள் சரிந்து துரையின் காலில் மோதின. சோப்புத் தண்ணீர் கொட்டியது. அத்தான் திரும்பிப் பார்த்தார். துரை தனக்குக் கீழே, வெகு கீழே நிற்பது தெரிந்தது. கையை எடுத்தார். அதற்குள் கல் விளிம்பு தொட்டியை விட்டுவிட்டது. சிக்கியிருந்த கோடி விடுபட்டு, இரும்பு முழுவதும் ஒரு உதறு உதறியது. அத்தான் வடத்தைக் கட்டிக்கொண்டார். கண்ணைத் திறந்து பார்த்தபோது இடது கோடியில் யாரும் இல்லை.

சேஃப்டி பெல்ட் துரையைக் காப்பாற்றியது. அந்தரத்தில் தொங்கியவரைக் காற்று சுவரில் கொண்டுபோய் அடித்தது, ஒரு முறை அல்ல. மாடிக்காரர் மேலே அழுதுகொண்டே கயிறு இறக்கினார். அழும்போது அவர் பேசியது ஆங்கிலம் இல்லை.

5

துரையின் இடுப்பெலும்பும் தோள்பட்டையும் முறிந்திருந்தன. பிழைத்துவிட்டார். நடப்பாரா என்பதை டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. தப்பு துரையுடையது என்று முடிவானால் அவரை அந்தக் கட்டிலில் இருந்தபடியே ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். மருத்துவம் அவர் பாடு. தப்பு அத்தானுடையது என்றால் அத்தானுக்கு அந்த ஊரில் அந்த வேலை இனி இல்லை. மாடிக்காரருடையது என்றால் அவருக்கு.

மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. அதே ஊரில் வேறொரு அலுவலகத்தில் நானும் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். நான் உறவுக்காரன் என்று முதலிலேயே சொன்னேன். வேறு ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்றார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் மாலை அத்தானும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துரையின் முகம் வீங்கியிருந்தது. கை ஒன்று மட்டும் அசைந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கையால் பக்கத்தில் வரச் சொன்னார்.

“தம்பி, நீங்க படிச்சவரு. ஹோல்ட் அப்புன்னா மேல புடின்னுதானே?”

நான் அத்தானைப் பார்த்தேன்.

“நர்சு பொண்ணுகிட்ட கேட்டேன்,” என்றார் துரை. “அது சிரிச்சுட்டு, ரெஸ்ட் எடுங்கன்னுருச்சு. ஏன் சிரிக்கணும்? அதான் உங்களக் கேக்கறேன்.”

“அதேதான்டா,” என்றார் அத்தான். “மேல புடி. வேற என்ன? இவன எதுக்குக் கேட்டுக்கிட்டு? தூங்கு.”

“இல்லண்ணே, தம்பி சொல்லட்டும்.”

“சில எடத்துல அப்படியும் வரும்,” என்றேன்.

அது பொய்யில்லை. தூக்கிப் பிடி என்ற அர்த்தமும் அதற்கு உண்டு. துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா, தெரியவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் அக்கா தட்டு வைத்தாள். யாரும் சாப்பிடவில்லை.

“துரை சொன்னாரு, இவரு செஞ்சாரு. அத அப்படியே சொல்லச் சொல்லுடா,” என்றாள் என்னிடம். அத்தான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். “இதுல பொய் என்ன இருக்கு? நடந்தத சொல்றதுக்கு என்ன?”

“நடந்ததச் சொன்னா அவன ஏத்தி அனுப்பிடுவாங்க,” என்றார் அத்தான்.

“சொல்லலைன்னா நம்மள அனுப்பிடுவாங்க. நமக்கு மட்டும் குழந்தை இல்லையா? அவரு தெரியாம சொன்னாரு, பாவம்தான். ஆனா சொன்னது அவருதானே?”

அத்தான் தட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“நான் இந்த ஊருக்கு வந்ததுலேருந்து அவன் வாயாலதான் பேசறேன். உன்ன ஆஸ்பத்திரில சேத்தப்போ யாரு பேசினது? நல்லதுக்கெல்லாம் அவன் வாய் வேணும். கெட்டது நடந்தா மட்டும், அது என் வாய் இல்ல, அவன் வாய்னு கைகாட்டணுமா?”

“அப்போ என்ன சொல்லப்போறீங்க?”

“தெரியல.”

“மாடிக்காரரு தப்புன்னு சொல்லுங்க.”

“அவரு நிறுத்தத்தான சொன்னாரு. எனக்கு இப்போ தெரியுமே, இவன் சொல்லிட்டானே,” என்று என்னைக் காட்டினார். “தெரியாமலே இருந்திருக்கலாம்.”

[அக்காவைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதிவிடக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன். துரைக்கு ஆஸ்பத்திரியில் தலை துவட்டிவிட்டு வருகிறவள் அவள்தான். அன்று இரவும் அழுதுகொண்டேதான் தட்டை எடுத்தாள். அவள் கேட்டதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.]

7

விசாரணை அறையில் ஜன்னல் இல்லை. நீண்ட மேஜை. ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், கண்ணியமாகப் பேசுகிறவர். பக்கத்தில் கம்பெனி மேனேஜர். எதிர்ப்பக்கம் மாடிக்காரர், அத்தான், நான். அத்தான் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். அவர் முழங்கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது என் முழங்காலுக்குத் தெரிந்தது.

முதலில் மாடிக்காரர். தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னார்: நான் ஹோல்ட் அப் என்றேன். நிறையத் தடவை சொன்னேன். சொல்லும்போதே உள்ளங்கையை முன்னால் நீட்டி, நில் என்று காட்டினார். அந்தக் கையை அன்று காட்டியிருந்தால், தொட்டியிலிருந்து பார்த்திருந்தால்— சரி, விடுங்கள்.

அதிகாரி ஒரு தாளைப் பார்த்தார். “வாக்கி டாக்கியில் அப், டவுன், ஸ்டாப் என்ற மூன்று சொற்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி. ஏன் வேறு சொல்லைச் சொன்னீர்கள்?”

மாடிக்காரர் மேனேஜரைப் பார்த்தார். “எனக்கு வேலை கற்றுத் தந்தவர் அப்படித்தான் சொல்வார். அவசரத்தில் அதுதான் வாயில் வந்தது.”

அவர் குரல் உடைந்தது. அத்தானுக்கு ஆங்கிலம் புரியவில்லை. குரல் உடைந்தது புரிந்தது. “என்ன சொல்றாரு?” என்று என் காதில் கேட்டார். தொட்டியில் கேட்ட அதே கேள்வி.

சொன்னேன்.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தாமதமாகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கு அவர் சொன்ன சொல் ‘ஹெல்ட் அப்’, அதே ஹோல்ட் அப்பின் இறந்தகால வடிவம். மொழிபெயர்ப்பினால் நாம் ஹெல்ட் அப் ஆகிக்கொண்டிருக்கிறோம் என்றார். அந்த அறையில் அது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. தாமதமாக்கு என்ற அர்த்தமும் அதற்கு உண்டு. வழிப்பறி செய் என்ற அர்த்தமும் உண்டு. ஐந்தாறு அர்த்தத்தை ஒரே சொல்லில் அடைத்து, அதைக் காற்றில், கரகரக்கும் கருவியில், உயிரோடு விளையாடும் உயரத்தில்—

[வாக்கியம் மேடைப் பேச்சாகப் போகிறது. நிறுத்துகிறேன்.]

அதிகாரி அத்தான் பக்கம் திரும்பினார். ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். “மேலேர்ந்து சொன்னத நீங்களே காதால கேட்டீங்களா, இல்ல வேற யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா? அதுக்கு அப்புறம் ஏன் அப் பட்டன அழுத்தினீங்க?”

அத்தானின் முழங்கால் ஆடுவது நின்றது. மாடிக்காரரைப் பார்த்தார். அவர் குனிந்திருந்தார். பிறகு அத்தான் அதிகாரியையே நேராகப் பார்த்து, என் பக்கம் திரும்பாமல், நிதானமாகச் சொன்னார்:

“கேட்டதத்தாங்க செஞ்சேன்.”

அவ்வளவுதான். வேறு எதையும் சேர்க்கவில்லை.

8

முடிவுகள். மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

அ. ‘என் காதில் விழுந்ததைத்தான் செய்தேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன். அப்படியானால் அத்தான் தானே கேட்டார், தானே புரிந்துகொண்டார். துரை இந்த அறைக்குள் வரவே இல்லை. நிற்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏறிய மனிதர் என்று அத்தானின் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது. அக்கா பெட்டி கட்டுகிறாள், துரைக்கு மருத்துவம் தொடர்கிறது—

ஆ. ‘என்னிடம் சொல்லப்பட்டதைத்தான் செய்தேன்’ என்கிறேன். அதிகாரி உடனே நிமிர்வார்: யார் சொன்னது? தொட்டியில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அதற்கு மேல் அத்தானால் எதையும் மறைக்க முடியாது. அக்காவின் வீடு நிற்கும். கட்டிலோடு விமானம் ஏறும் ஒருவர், நர்சு ஏன் சிரித்தாள் என்று வழியெல்லாம்—

இ. ‘மேலிருந்து கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன்’ என்கிறேன். விதியில் இல்லாத சொல்லைச் சொன்னவர் மாட்டிக்கொள்கிறார். கம்பளிச் சட்டையை இறக்கிய கை—

மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். மூன்றுமே அத்தான் சொன்னதற்குச் சரியான மொழிபெயர்ப்பு. தமிழில் காதால் கேட்பதும் கேள், வாய்விட்டுக் கேட்பதும் கேள். யார் கேட்டது, யார் சொல்லிக் கேட்டது என்று சொல்லாமலே வாக்கியத்தை முடிக்க நம் மொழி இடம் தருகிறது. ஆங்கிலம் தராது. யாரையாவது கொண்டுவந்து நிறுத்தாமல் அங்கே வாக்கியம் நகராது.

அத்தான் இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னாரா என்று கேட்பீர்கள். அவர் கண்ணாடி துடைக்கிறவர், இலக்கணம் படித்தவர் அல்ல. ஆனால் இரவு முழுவதும் தூங்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். யாருடைய பெயரும் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தாரோ என்னவோ. கண்டுபிடித்துவிட்டார். மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

9

அன்று அந்த அறையில் நான் ஏதோ ஒன்றைச் சொன்னேன். சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள்.

நான் எழுந்துகொள்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

இடப்பக்கம் அத்தான். கையிரண்டையும் மேஜைமேல் வைத்திருக்கிறார். சோப்பில் ஊறி ஊறி விரல்நுனி வெளுத்த கைகள். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அப்பால் மாடிக்காரர். தமிழ் தெரியாததால் தன் தலைவிதி இப்போது என்னவென்று அவருக்குத் தெரியாது; நீங்கள் வாயைத் திறந்தால்தான் தெரியும். மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறார். ஊரின் இன்னொரு மூலையில் ஒருவர் அசைகிற ஒரு கையோடு படுத்திருக்கிறார். வீட்டில் அக்கா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரி பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறார்.

“அவர் என்ன சொன்னார்?”